சோடாபுட்டிக் கணக்கு

என் அக்கா மகளுக்கு மைனஸ் ஆறு. எட்டாம் வகுப்பில் ஒன்றரையில் தொடங்கியது, வருஷா வருஷம் ஏறி, கல்லூரி இரண்டாம் ஆண்டில் ஆறில் வந்து நிற்கிறது. போன மாதம் புதுக் கண்ணாடி வாங்க என்னையும் கூட்டிப் போனாள். அரை மணி நேரம் மாட்டிப் பார்த்துக் கழற்றி, கடைசியில் முகத்தில் பாதியை மறைக்கும் ஒரு பெரிய சதுரப் பிரேமைத் தேர்ந்தெடுத்தாள். கடைப் பையன் பவர் சீட்டைப் பார்த்தான். பிரேமைப் பார்த்தான். பிறகு மேசைக்கு அடியிலிருந்து விலை அட்டை ஒன்றை எடுத்து வைத்தான். 1.50, 1.56, 1.60, 1.67, 1.74 என்று வரிசையாக எண்கள். எண் ஏற ஏற விலையும் ஏறியது. கடைசி வரியில் இருந்த தொகைக்கு அதே பிரேமில் நான்கு வாங்கலாம்.

"இந்தப் பவருக்கு 1.74 போட்டாத்தான் மேடம் நல்லாயிருக்கும். சாதா லென்ஸ் போட்டா சோடாபுட்டி ஆயிடும்" என்றான்.

அந்த ஒரு சொல் போதும். அவள் முகம் சுண்டிவிட்டது. "மாமா, இதுல எது நல்ல லென்ஸ்?" என்று என் பக்கம் திரும்பினாள்.

பையன் பொய் சொல்லவில்லை. ஆனால் பாதிக் கதையைத்தான் சொன்னான். அந்த அட்டையில் இருந்தவை லென்ஸின் தரத்துக்குப் போட்ட மதிப்பெண்கள் அல்ல. அவை ஒளியின் வேகத்தைப் பற்றியவை.

வெற்றிடத்தில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர் போகிறது. 1.50 என்று போட்ட பிளாஸ்டிக்குக்குள் நுழைந்தால் அது 2 லட்சமாகக் குறைகிறது. 1.74க்குள் 1.72 லட்சம். மூன்று லட்சத்தை அந்த எண்ணால் வகுத்தால் கிடைப்பதுதான். பள்ளிக்கூடத்தில் ஒளிவிலகல் எண் என்று மனப்பாடம் செய்தோமே, அதற்குத்தான் கடையில் இண்டெக்ஸ் என்று பெயர். தார்ச்சாலையில் போகும் மாட்டுவண்டியின் ஒரு சக்கரம் மட்டும் மணலில் இறங்கினால் வண்டி அந்தப் பக்கமாகத் திரும்பும். சாய்வாக நுழையும் ஒளியும் அப்படித்தான் திரும்புகிறது. மணல் எவ்வளவு ஆழமோ அவ்வளவு திருப்பம்.

பவர் என்பது வேறு. மைனஸ் ஆறு என்றால், கண்ணாடி போடாதபோது அவளுக்குத் தெளிவாகத் தெரியும் எல்லை ஒரு மீட்டரில் ஆறில் ஒரு பங்கு, அதாவது சுமார் 17 சென்டிமீட்டர். அதற்கு அப்பால் உலகம் கரைந்துபோகும். டயாப்டர் என்னும் இந்த அளவை 1872இல் முன்வைத்தவர் பெர்தினான் மொனுவாயே என்ற பிரெஞ்சுக் கண் மருத்துவர். ஆள் கொஞ்சம் குறும்புக்காரர். பார்வையைச் சோதிக்கத் தாம் அமைத்த எழுத்து அட்டையின் இரண்டு ஓரங்களிலும், கீழிருந்து மேலாக வாசித்தால் தம் பெயரே வரும்படி எழுத்துகளை அடுக்கிவைத்தார்.

அந்த ஆறு டயாப்டரை 1.50 பிளாஸ்டிக்கிலும் செய்யலாம், 1.74இலும் செய்யலாம். கண்ணுக்குப் போய்ச் சேரும் பவர் ஒன்றேதான். 1.50 ஒளியைக் குறைவாகத் திருப்புவதால் லென்ஸை அதிகம் குடைய வேண்டும். 1.74ஐ அவ்வளவு குடைய வேண்டாம், அதனால் ஓரம் மெலிகிறது.

அப்படியானால் மெல்லிசாக வேண்டும் என்றால் 1.74தானே வழி? இல்லை. இன்னொரு வழியும் இருக்கிறது, அதற்குக் காசு கிடையாது.

மைனஸ் லென்ஸ் ஒரு கிண்ணம் மாதிரி. நடுவில் மெல்லிசு, ஓரத்தில் தடிமன். நடுவிலிருந்து விலகிப் போகப் போக அந்தத் தடிமன் ஒரே சீராக ஏறுவதில்லை. தூரத்தின் வர்க்கமாக ஏறுகிறது. தூரம் இரண்டு மடங்கானால் தடிமன் நான்கு மடங்கு. கண்ணாடி போடும் எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய கணக்கு ஒன்றே ஒன்று என்றால், அது இதுதான் என்பேன். எந்தக் கடையிலும் இதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பிரேமின் காதில் மாட்டும் கைக்கு உள்பக்கம் பொடி எழுத்தில் சில எண்கள் இருக்கும். அவள் எடுத்ததில் 54, ஒரு குட்டிச் சதுரம், 18 என்று இருந்தது. ஒரு லென்ஸின் அகலம் 54 மில்லிமீட்டர். மூக்கின் மேல் உட்காரும் பாலம் 18 மில்லிமீட்டர். ஆக, ஒரு லென்ஸின் நடுவுக்கும் அடுத்த லென்ஸின் நடுவுக்கும் இடையே 72. ஆனால் அவளுடைய இரண்டு கண்மணிகளுக்கு இடையே 60தான். லென்ஸின் மையம் கண்மணிக்கு நேரே வர வேண்டும் என்பதால் ஒவ்வொரு பக்கமும் அதை 6 மில்லிமீட்டர் மூக்கை நோக்கித் தள்ளி வெட்டுவார்கள். அதனால் காதுப் பக்கத்து ஓரம் மையத்திலிருந்து 27 மில்லிமீட்டரில் இருப்பதற்குப் பதிலாக 33இல் போய் நிற்கிறது. தடிமன் ஏறுவது அந்த 33இன் வர்க்கத்தில்.

பழைய பில் ஒன்றின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். அந்தப் பெரிய பிரேமில் 1.74 போட்டால் ஓரம் சுமார் 5.6 மில்லிமீட்டர். 46 அளவுள்ள சின்னப் பிரேமில் வெறும் 1.50 போட்டாலே சுமார் 5.8. அட்டையின் முதல் வரியும் கடைசி வரியும் கிட்டத்தட்ட ஒரே தடிமனில் வந்து நின்றன. சின்னப் பிரேமில் 1.60 போட்டால் ஐந்துக்கும் கீழே. எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பையன், "சார் வாத்தியாரா?" என்றான்.

பிளஸ் பவர்காரர்களுக்கு எல்லாம் தலைகீழ்: நடுவில் புடைப்பு, ஓரம் மெல்லிசு. ஆனால் வர்க்கக் கணக்கு அவர்களுக்கும் அதேதான். பெரிய பிரேம் போட்டால் நடுப்புடைப்பு கூடும், கண் தவளைக் கண்ணாகத் தெரியும்.

எண் ஏறினால் லென்ஸ் மெலிகிறது. அதற்கு நாம் கொடுப்பது பணம் மட்டுமல்ல. லென்ஸின் ஓரம் என்பது ஒரு முப்பட்டகம்தான். நியூட்டன் வெயிலை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டினாரே, அந்த வேலையை நம் கண்ணாடியின் ஓரமும் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது. நீலத்தைச் சிவப்பைவிடச் சற்றே அதிகமாகத் திருப்புகிறது. தலையைத் திருப்பாமல் விழியை மட்டும் ஓரத்துக்கு உருட்டி எரியும் டியூப்லைட்டைப் பாருங்கள். விளக்கின் ஒரு விளிம்பில் நீலமும் மறு விளிம்பில் செம்மஞ்சளும் கசிந்தால் அது கண்ணின் கோளாறு இல்லை. லென்ஸின் குணம்.

இந்தக் கசிவை அளக்கவும் ஓர் எண் உண்டு. எர்ன்ஸ்ட் அபே என்ற ஜெர்மானிய இயற்பியலாளரின் பெயரால் அதை அபே எண் என்பார்கள். இது பெரிதாக இருந்தால் நிறக்கசிவு குறைவு. சாதா 1.50 பிளாஸ்டிக்குக்கு 58. நல்ல 1.60க்குச் சுமார் 41. 1.67க்கும் 1.74க்கும் 32, 33 என்று இறங்கிவிடும். பாலிகார்பனேட் என்ற இன்னொரு பிளாஸ்டிக்குக்கு 30. விலை அட்டை போகும் திசைக்கு இது நேர் எதிர்த்திசை! பையனின் அட்டையில் இந்த எண் இல்லை, எந்த அட்டையிலும் நான் பார்த்ததில்லை. ஒன்றிரண்டு டயாப்டர் பவர் உள்ளவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. ஆறு, ஏழு உள்ளவர்களுக்குத் தெரியலாம். அவர்களிலும் பலருக்குச் சில நாட்களில் மூளை அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். ஒருசிலருக்கு மட்டும் விடாது. "காசு அதிகம் கொடுத்து வாங்கியும் பழையது போலத் தெரியலையே" என்று புலம்புபவர்கள் பெரும்பாலும் இந்த ஒருசிலர்தான். அவர்களை யாரும் நம்புவதுமில்லை.

அபேயைப் பற்றி இங்கே ஒரு வரி சொல்லாமல் போக மனமில்லை. அவருடைய அப்பா நூற்பாலையில் மேஸ்திரி, நாளுக்குப் பதினாறு மணி நேரம் வரை நின்றுகொண்டே வேலை பார்த்தவர். மகன் யெனா நகரத்து ஸைஸ் நிறுவனத்தின் தலைமைக்கு வந்தபின் 1900இல் அங்கே எட்டு மணி நேர வேலைநாளைக் கொண்டுவந்தார்.

ஒரு காலத்தில் மூக்குக்கண்ணாடி நிஜக் கண்ணாடியாகவே இருந்தது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியில் பிறந்ததிலிருந்து ஏறக்குறைய 650 ஆண்டுகள் அது மாறவில்லை. மாற்றியது இரண்டாம் உலகப் போர். 1940இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பிளேட் கிளாஸ் நிறுவனத்தின் துணை நிறுவனம் ஒன்றில் புதுவகை ரெசின்களைக் கலந்து கலந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொலம்பியா ரெசின் என்று பெயரிட்ட அந்த வரிசையில் 39ஆவது கலவை, ஒருமுறை இறுகிவிட்டால் சூட்டில் இளகாமல், பெட்ரோலில் கரையாமல் நின்றது. பி-17 குண்டுவீச்சு விமானங்களின் எரிபொருள் தொட்டிகளுக்குப் போனது. போர் முடிந்ததும் சரக்கு தேங்கியது. ராபர்ட் கிரகாம் என்ற கண்ணாடி நிபுணர் 1947இல் கலிபோர்னியாவில் ஆர்மர்லைட் என்ற நிறுவனத்தைத் தொடங்கி அதை லென்ஸாக வார்த்தார். எடை நிஜக் கண்ணாடியில் பாதி, தெளிவு ஏறக்குறைய அதே அளவு. இன்று கடையில் 'சி.ஆர். லென்ஸ்' என்று அலட்சியமாகச் சொல்லப்படும் அந்த முதல் வரிச் சரக்கு இதுதான். விலை குறைவு என்பதாலேயே அதை மட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். நிறத்தெளிவில் அட்டையிலேயே அதுதான் முதலிடம். (இதே கிரகாம் 1980இல் நோபல் பரிசு பெற்ற மேதைகளின் விந்தணுவைச் சேமிக்கும் வங்கி ஒன்றைத் தொடங்கி ஊர் வாயில் விழுந்தார். லென்ஸோடு நிறுத்தியிருக்கலாம்.)

பாலிகார்பனேட் வேறு சாதி. 1953இல் ஜெர்மனியில் ஹெர்மன் ஷ்னெல்லும் அமெரிக்காவில் டேனியல் ஃபாக்ஸும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரு வார இடைவெளியில் உருவாக்கியது. சி.டி.யும் டி.வி.டி.யும் இந்தப் பொருளில் செய்தவைதான். நிறக்கசிவில் கடைசி, சீக்கிரம் கீறலும் விழும். ஆனால் அடித்தால் உடையாது. விளையாடும் பிள்ளைகளுக்கு, லேத் பட்டறையில் நிற்பவர்களுக்கு, ஒரு கண்ணில் மட்டுமே பார்வை உள்ளவர்களுக்கு வேறு யோசனையே வேண்டாம், இதுதான். இல்லாவிட்டால் 2001இல் வந்த டிரைவெக்ஸ். அதுவும் உடையாது, இன்னும் எடை குறைவு, நிறக்கசிவும் குறைவு, விலை அதிகம்.

அடுத்து கோட்டிங். இதுவரை சொன்னதில் எனக்கு வியப்பு பாதிதான். மீதி இங்கே.

ஒளி காற்றிலிருந்து லென்ஸுக்குள் நுழையும்போது ஒரு பகுதி மோதித் திரும்பிவிடுகிறது. 1.50 லென்ஸில் ஒரு பரப்புக்கு 4 விழுக்காடு, முன்னும் பின்னும் சேர்த்து 8. எண் ஏறினால் இதுவும் ஏறும். 1.74இல் இரண்டு பரப்பும் சேர்ந்து 14 விழுக்காட்டைத் தொடுகிறது. அதிக விலை கொடுத்து வாங்கிய மெல்லிய லென்ஸ், வருகிற வெளிச்சத்தில் ஏழில் ஒரு பங்கைக் கண்ணுக்குக் காட்டாமலே திருப்பி அனுப்புகிறது! போட்டோவில் கண்ணுக்குப் பதில் வெள்ளைத் திட்டு தெரிவதும், இரவில் பைக் ஓட்டும்போது பின்னால் வரும் லாரியின் விளக்கு லென்ஸின் உள்பக்கத்தில் பட்டு எதிரே மிதப்பதும் இதனால்தான்.

இதற்கு மருந்து அழுக்கிலிருந்து கிடைத்தது. 1880களில் ராலே பிரபு என்ற ஆங்கில இயற்பியலாளர், நாள்பட்டுக் கறையேறிய கண்ணாடி புதுக் கண்ணாடியைவிட அதிக ஒளியை உள்ளே விடுவதைக் கவனித்தார். சில ஆண்டுகள் கழித்து, தொலைநோக்கி லென்ஸ் செய்பவரான டென்னிஸ் டெய்லரும் பழைய, நிறம் மங்கிய லென்ஸ்களில் அதையே கண்டார். வாடிக்கையாளர்கள் கறை என்று முகம் சுளித்த லென்ஸ்தான் அதிகப் பிரகாசமான பிம்பத்தைத் தந்தது. காரணம் கறையின் கனம். ஒளி அலையின் நீளத்தில் கால் பங்கு கனத்தில் ஒரு படலம் அமைந்துவிட்டால், அதன் மேல்பரப்பில் பட்டுத் திரும்பும் அலையும் அடிப்பரப்பில் பட்டுத் திரும்பும் அலையும் ஒன்றின் மேட்டில் மற்றதன் பள்ளம் விழுமாறு சேர்ந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. மழை நாளில் பஸ் நிலையத் தரையில் சிந்திய டீசல் வானவில் காட்டுவதும் இந்தக் கணக்கால்தான். அங்கே கனம் இடத்துக்கு இடம் மாறுவதால் நிறமும் மாறுகிறது.

அழிந்த ஒளி எங்கே போனது என்று அக்கா மகள் கேட்டாள். நல்ல கேள்வி. எங்கும் போகவில்லை. திரும்ப வழியில்லாமல் மொத்தமும் லென்ஸைக் கடந்து கண்ணுக்குள் வருகிறது.

வேண்டுமென்றே இப்படிப் படலம் போடுவதை 1935இல் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாந்தர் ஸ்மாகுலா சாதித்தார். வெற்றிடத்தில் உப்பை ஆவியாக்கி லென்ஸின்மேல் படியவிடும் முறை. ராணுவம் அதை உடனே ரகசியமாக்கிக்கொண்டது. 1938இல் அமெரிக்காவில், கேம்பிரிட்ஜில் இயற்பியல் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்ணான கேதரின் பிளாட்ஜெட், சோப்பு போன்ற ஒரு பொருளின் ஒற்றை மூலக்கூறுப் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக 44 முறை ஏற்றிக் கண்ணாடியையே கண்ணுக்குத் தெரியாமல் செய்துகாட்டினார். அது துடைத்தால் போய்விடும், அதனால் கடைக்கு வரவில்லை. நிலைத்தது ஸ்மாகுலாவின் வழி. இன்று நல்ல லென்ஸில் இரண்டு வகைப் பொருள்கள் மாறி மாறிப் பல அடுக்காக இருக்கும். ஓர் அடுக்கின் கனம் சுமார் 100 நானோமீட்டர், நம் தலைமயிரின் கனத்தில் பல நூற்றில் ஒரு பங்கு. எல்லாவற்றுக்கும் மேலே, தண்ணீர் ஒட்டாத படலம் ஒன்று. நல்ல கோட்டிங்கில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், தாமரை இலைத் தண்ணீராக உருளும்.

கோட்டிங் இருக்கிறதா என்று பார்க்கக் கருவி வேண்டாம். லென்ஸில் டியூப்லைட்டின் பிம்பத்தைப் பாருங்கள். வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்தால் கோட்டிங் இல்லை. பச்சையோ ஊதாவோ மங்கலாகத் தெரிந்தால் இருக்கிறது. பட்ஜெட் இடிக்கிறது என்றால் இண்டெக்ஸில் ஒரு படி இறங்குங்கள், கோட்டிங்கில் இறங்காதீர்கள்.

அப்படி வாங்கிய கோட்டிங்கை நாமே கெடுக்கிறோம். தெருப்புழுதியில் இருப்பது மணல். லென்ஸின் மேற்பூச்சைவிட அது கடினம். வேட்டி நுனியாலும் முந்தானையாலும் உலர்வாகத் துடைப்பது உப்புத்தாள் போடுவதற்குச் சமம். குழாய்த் தண்ணீரில் அலசிவிட்டுத் துடைக்க வேண்டும். இரண்டாவது எதிரி சூடு. பிளாஸ்டிக் சூட்டில் நிறைய விரியும், அதன் மேலுள்ள படலம் அவ்வளவு விரியாது. சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் கண்ணாடியை விட்டுப் போனால் கோட்டிங் வறண்ட ஏரித் தரைபோலப் பாளம் பாளமாக வெடித்துவிடும். அதைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது.

'ப்ளூ கட்' பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். கடையில் ஒரு சின்ன விளக்குப் பேனாவை அடித்து, சாதா லென்ஸில் கடக்கிற ஒளி அவர்கள் லென்ஸில் கடக்கவில்லை என்று காட்டுவார்கள். அந்தப் பேனா பெரும்பாலும் 405 நானோமீட்டர் ஊதா. போன் திரையின் நீலம் 450க்கு அருகில். நிறுத்திக் காட்டுவது ஒன்று, நம் கண்ணில் விழுவது வேறொன்று. 2023இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 17 சோதனைகளை அலசிப் பார்த்து, இந்த லென்ஸ்கள் கணினியால் வரும் கண் அயர்ச்சியைச் சாதா லென்ஸைவிடக் குறைப்பதாகத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டது. இலவசமாகத் தந்தால் வாங்கிக்கொள்ளலாம்.

வெயிலில் கறுக்கும் லென்ஸ் விஷயத்தில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. அதிலுள்ள மூலக்கூறுகள் புற ஊதாக் கதிர் பட்டதும் விரிந்து கறுக்கின்றன, சூட்டில் மறுபடி சுருங்கி வெளுக்கின்றன. ஆக ஊட்டியின் குளிர் வெயிலில் நன்றாகக் கறுக்கும் லென்ஸ், வேலூரின் அக்னி நட்சத்திரத்தில் அரைமனதோடுதான் கறுக்கும். காருக்குள் ஏறக்குறைய கறுக்கவே கறுக்காது, முன்கண்ணாடி புற ஊதாவைத் தடுத்துவிடுகிறது. சாலையின் கூசலைக் குறைக்க வேண்டும் என்றால் போலரைஸ்டு கண்ணாடிதான் சரி. நீர்ப்பரப்பிலும் தார்ச்சாலையிலும் பட்டுத் தெறிக்கும் ஒளியின் அதிர்வு பெரும்பாலும் கிடைமட்டமாக இருக்கும், அதை மட்டும் அது வடிகட்டிவிடும். 1921இல் கப்பலில் ஊர் திரும்பிக்கொண்டிருந்த சி. வி. ராமன் இதே தந்திரத்தைத்தான் செய்தார். பையில் வைத்திருந்த நிக்கோல் பட்டகத்தால் கடலின் மேற்பரப்புப் பளபளப்பை அணைத்துவிட்டு, அப்புறமும் நீலம் மிஞ்சுகிறதா என்று பார்த்தார். மிஞ்சியது. கடல் வானத்தின் பிரதிபலிப்பால் மட்டும் நீலமாக இல்லை என்று அவர் முடிவுக்கு வர அது உதவியது.

இனி, எந்த அட்டையிலும் விலை போடாத ஒன்று. லென்ஸின் மையம் கண்மணிக்கு நேரே உட்கார வேண்டும் என்று மேலே சொன்னேன். உட்காரவில்லை என்றால்? மையத்தை விட்டு விலகினால் லென்ஸ் முப்பட்டகம் ஆகிவிடும் அல்லவா? எவ்வளவு விலகினால் எவ்வளவு என்பதற்குப் பிரென்டிஸ் விதி என்று ஓர் எளிய பெருக்கல் உண்டு. மைனஸ் ஆறு லென்ஸ் ஒன்று 3 மில்லிமீட்டர் மேலே தள்ளிப் பொருத்தப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் தொலைவில் உள்ள பொருள் அந்தக் கண்ணுக்கு மட்டும் 1.8 சென்டிமீட்டர் நகர்ந்து தெரியும். உள்ளும் புறமும் திரும்பி ஒத்துப்போக நம் கண்களுக்குப் பழக்கம் உண்டு. ஒன்று மேலே ஒன்று கீழே பார்ப்பது அவற்றுக்கு வராத வித்தை. முடிவு, தலைவலி. "புதுக் கண்ணாடி, பழகினால் சரியாகும்" என்று கடையில் சொல்வார்கள். நானே அப்படி ஒரு கண்ணாடியோடு மூன்று வாரம் மாரடித்திருக்கிறேன். பழகவில்லை. வேறொரு கடையில் அளந்து பார்த்தபோது ஒரு லென்ஸ் இன்னொன்றைவிட 4 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. உலகத்திலேயே சிறந்த 1.74ஐக் கோணலாகப் பொருத்தினால் அது வெறும் விலை உயர்ந்த தலைவலி.

அதனால் கடையில் கவனிக்க வேண்டியது இதைத்தான். அளப்பவர் உங்கள் முகத்துக்கு நேரே, அதே உயரத்தில் உட்கார்ந்து, கண்மணிகளுக்கு இடையே அளக்கிறாரா? நீங்கள் தேர்ந்தெடுத்த பிரேமையே மாட்டிவிட்டு, அதன் வெற்று லென்ஸில் ஸ்கெட்ச் பேனாவால் கண்மணிக்கு நேரே புள்ளி வைக்கிறாரா? வைத்தால் அந்தக் கடையை விடாதீர்கள்.

இந்தப் புள்ளி உயிர்ப்பிரச்சினையாக மாறுவது நாற்பதுக்கு மேல். வெள்ளெழுத்து என்போம், சாளேசுரம் என்போம். மராத்தியில் சாளீசி என்றால் நாற்பது வயதுக் கண்ணாடி, நம் சாளேசுரத்துக்குள்ளும் அந்த நாற்பது ஒளிந்திருக்கிறது. கிட்டத்துக்கும் எட்டத்துக்குமாக இரண்டு பவரை ஒரே லென்ஸில் கோடு போட்டு ஒட்டியவர் பெஞ்சமின் பிராங்க்ளின், 1784இல் அதைப் பற்றிக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். கோடு இல்லாமல் மேலிருந்து கீழாகப் பவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும் புரோகிரசிவ் லென்ஸைப் பிரான்சில் பெர்னார் மெய்த்தனாஸ் உருவாக்கினார், 1959இல் வேரிலக்ஸ் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. ஆனால் இங்கே இயற்கை ஒரு கணக்கில் கறாராக இருக்கிறது. 1963இல் மின்க்விட்ஸ் என்ற ஜெர்மானியர் நிறுவிய தேற்றம் இது: நடுக்கோட்டில் பவர் எவ்வளவு வேகமாகக் கூடுகிறதோ, பக்கவாட்டில் அதைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் மங்கல் கூடும். எந்தக் கம்பெனியும் எவ்வளவு காசு வாங்கினாலும் இதை நீக்க முடியாது. கட்டிலுக்குப் பெரிதான விரிப்பின் சுருக்கம் மாதிரி, இங்கிருந்து அங்கே தள்ளலாம், அவ்வளவுதான். விலை உயர்ந்த வடிவங்கள் அந்தச் சுருக்கத்தை நாம் அதிகம் பார்க்காத மூலைக்குத் தள்ளுகின்றன. தெளிவான பாதை குறுகலானது என்பதால் புள்ளி இரண்டு மில்லிமீட்டர் தவறினாலும் பாதை தவறிவிடும்.

புரோகிரசிவ் வாங்கினால் ஒரு வேடிக்கை செய்து பாருங்கள். லென்ஸின்மேல் வாயால் ஊதி, ஆவி கலைவதற்குள் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். 34 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு மெல்லிய குறிகள் தெரியும். ஒன்றின் கீழே கூடுதல் பவரின் எண், இன்னொன்றின் கீழே பெரும்பாலும் தயாரித்தவரின் முத்திரை. பில்லில் எழுதியிருப்பதும் லென்ஸில் இருப்பதும் ஒன்றா என்று அப்போதே தெரிந்துவிடும்.

எல்லோருக்கும் இவ்வளவு வேண்டியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அசாமில் தேயிலை கிள்ளும் நாற்பது வயதைத் தாண்டிய 751 பேரிடம் நடந்த சோதனை ஒன்று 2018இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியானது. பாதிப் பேருக்கு மட்டும் கிட்டப் பார்வைக்கு எளிய, மலிவான கண்ணாடி கொடுத்தார்கள். கண்ணாடி போட்டவர்கள் கிள்ளிய கொழுந்து, போடாதவர்களைவிடக் கிட்டத்தட்ட 22 விழுக்காடு கூடியது. அந்தக் கண்ணாடியில் ஹை இண்டெக்ஸும் இல்லை, ப்ளூ கட்டும் இல்லை. அவர்களுக்கு அதுதான் நல்ல லென்ஸ்.

அக்கா மகள் பெரிய சதுரத்தை மனசில்லாமல் திருப்பி வைத்துவிட்டு, 46 அளவில் ஒரு வட்டப் பிரேமை எடுத்தாள். லென்ஸ் 1.60, பச்சைக் கோட்டிங். பையன் முதலில் சொன்ன தொகையில் பாதிகூட ஆகவில்லை. மாமா பேச்சைக் கேட்டுப் பாட்டி மாதிரி ஆகிவிட்டேன் என்று வழியெல்லாம் முணுமுணுத்தாள். மறுநாள் கல்லூரியில் யாரோ நன்றாக இருக்கிறது என்று சொன்னார்களாம், அதோடு அந்தப் பேச்சு ஓய்ந்தது.

நீங்களும் அடுத்த முறை போகும்போது பழைய கண்ணாடியைக் கையோடு எடுத்துப் போங்கள். கண்மணிகளுக்கு இடையே உள்ள அளவைப் பவர் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள், அது உங்கள் முகத்தின் அளவு, கடைக்காரருடைய ரகசியம் இல்லை. கண்ணாடி தயாரானதும் காசு கொடுப்பதற்கு முன்னால் லென்சோமீட்டரில் வைத்து, பவரும் மையமும் சீட்டோடு ஒத்துப்போகின்றனவா என்று உங்கள் எதிரிலேயே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேலைதான்.